மகன் பெயரில் ஒரு வயல்

போன வாரம் கலிபோர்னியாவிலிருந்து பழைய மாணவன் ஒருவன் அழைத்தான். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிப் பல வருடம் ஆகிறது. "சார், ஊர்ல ரெண்டு ஏக்கர் நஞ்சை விலைக்கு வருது. என் பேர்ல வாங்க முடியாதாமே. அத்தை பையன் பேர்ல வாங்கிப் போட்டா என்ன?" என்றான்.

அவன் கேள்விப்பட்டது சரிதான். வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியரும் ஓசிஐ அட்டைக்காரரும் இங்கே வீடு, மனை, கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மட்டும் விலைக்கு வாங்கக் கூடாது. (அப்பா சொத்து வாரிசாக வந்தால் தடையில்லை.) ஆனால் "அத்தை பையன் பேர்ல" என்றதும், அவன் குடியிருக்கிற மாநிலத்தின் பழைய கதை ஒன்று எனக்கு நினைவு வந்தது. பாடத்திட்டத்தில் இல்லாததால் வகுப்பில் நான் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

1913இல் கலிபோர்னியா ஒரு நிலச் சட்டம் போட்டது. "குடியுரிமை பெறத் தகுதியில்லாத அந்நியர்" விவசாய நிலம் வாங்கக் கூடாது. குத்தகையும் மூன்று வருடத்துக்கு மேல் கூடாது. யாரை மனதில் வைத்து எழுதினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஜப்பானியர் என்ற சொல்லே சட்டத்தில் கிடையாது! அந்த நாட்டில் 1790 முதல் வெள்ளையர்தான் குடியுரிமை கேட்கலாம். 1870இல் ஆப்பிரிக்க வம்சத்தாரைச் சேர்த்தார்கள். வெளியே நின்றது ஆசியர்தான். ஜனாதிபதி வில்சன் தன் வெளியுறவு அமைச்சர் பிரையனையே அனுப்பிப் பேசிப் பார்த்தார். ஆளுநர் ஜான்சன் மசியவில்லை. 1920இல் குத்தகையையும் அடைத்துவிட்டார்கள்.

நம்மவர்களும் இதில் மாட்டினார்கள். இம்பீரியல் பள்ளத்தாக்கில் பஞ்சாபிகள் பருத்தியும் லெட்யூஸ் கீரையும் பயிரிட்டு வந்தார்கள். இந்தியர் வெள்ளையர் கணக்கில் வருவாரா என்பதில் நீதிமன்றங்கள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தன. அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் திண்ட் (நம் பாடப்புத்தகத்து பகத் சிங் வேறு) வழக்கில், வர மாட்டார் என்று 1923இல் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. அதோடு நிலமும் போயிற்று. நம்பிக்கையான வெள்ளைக்காரர் பெயரில் சிலர் எழுதி வைத்தார்கள். அங்கே பிறந்ததால் குடிமக்களான பிள்ளைகள் பெயரில் சிலர் எழுதினார்கள். நிலத்துக்காகத்தான் மெக்சிகோப் பெண்களைக் கட்டினார்கள் என்று சொல்வதுண்டு. எனக்கு அது பொருந்தவில்லை. 1922 சட்டப்படி, இப்படிப்பட்ட அந்நியரைக் கட்டிய அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையையே இழந்தாள்.

பெர்க்லியில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கிய தலீப் சிங் சாந்த் அதே பள்ளத்தாக்கில்தான் விவசாயம் பார்த்தார். 1946இல் இந்தியருக்குக் குடியுரிமைக் கதவு திறக்க, அவர் 1949இல் குடிமகனானார். 1956 தேர்தலில் வென்று அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே போனார்.

எனக்கு மறக்காதது ஓயாமா குடும்பம். ஜப்பானியரான கஜிரோ ஓயாமா 1934இல் சான் டியேகோ பக்கம் ஆறு ஏக்கர் வாங்கி, ஆறு வயது மகன் பிரெட் பெயரில் எழுதினார்; 1937இல் இன்னும் இரண்டு ஏக்கர். 1942இல், போரின்போது, ஜப்பானிய வம்சத்தாரைக் கடற்கரைப் பகுதியிலிருந்தே வெளியேற்றினார்கள். ஊரில் ஆளில்லாத அந்தச் சமயம், 1944இல், சட்டத்தை ஏய்க்க எழுதிய நிலம் இது, அரசுக்குச் சேர வேண்டும் என்று மாநிலம் வழக்குப் போட்டது. மற்ற அப்பா வாங்கிக் கொடுத்தால் அது மகனுக்குத் தந்த பரிசு; ஓயாமா கொடுத்தால் மோசடி! 1948இல் உச்ச நீதிமன்றம், அமெரிக்கக் குடிமகனான பிரெட்டுக்கு மட்டும் இப்படியொரு சுமை ஏன் என்று கேட்டு, 6க்கு 3 என்ற கணக்கில் குடும்பத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை அப்போது ஒழிக்கவில்லை. 1952இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 1956இல் மக்கள் வாக்களித்து நீக்கினார்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அவனிடம் சொன்னேன்: "இங்கே இனம் பார்த்துத் தடுக்கலப்பா, அது வேற விஷயம். உன் அத்தை பையன் தங்கமான பையன், எனக்கும் தெரியும். ஆனா பட்டா அவன் பேர்ல இருக்கும். நாளைக்கு அவன் பிள்ளைங்க வந்து இது எங்க அப்பா நிலம்னா என்ன செய்வே? பினாமிச் சட்டத்துல பிடிச்சா நிலமே பறிமுதல்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப மனை மட்டும் பாக்கறேன் சார்" என்றான். கிணறு உள்ள மனையாகப் பார்க்கச் சொன்னேன்.