மினிடெல்லில் வந்த காய்ச்சல் கணக்கு

ஃபுளூ காய்ச்சலுக்குப் பிரெஞ்சில் 'கிரிப்' என்று பெயர். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அந்தச் சொல்தான் முதலில் வாயில் வரும். பிரான்சில் குளிர்காலந்தோறும் வரும் இந்தக் காய்ச்சல் எங்கே தலைகாட்டுகிறது, எப்பக்கம் நகர்கிறது என்று உடனுக்குடன் அறிய, 1984-இல் பேராசிரியர் அலேன்-ழாக் வல்ரோன் ஓர் அமைப்பைத் தொடங்கினார். பெயர் 'சான்தினெல்', அதாவது காவல்காரர்கள்.

அப்போது அங்கே வீடுகளில் மினிடெல் என்றொரு கருவி இருந்தது. டெலிபோன் கம்பியோடு இணைந்த சின்னத் திரையும் தட்டச்சுப் பலகையும். பொது மருத்துவர்கள் தாமாகவே முன்வந்து, தாங்கள் பார்த்த நோயாளிகளின் எண்ணிக்கையை வாராவாரம் அதில் தட்டி அனுப்பினார்கள். பரிசோதனைக்கூட முடிவுக்குக் காத்திருக்கவில்லை. திடீரென்று 39 டிகிரிக்கு மேல் காய்ச்சல், உடம்புவலி, கூடவே இருமல் மாதிரி மூச்சுத் தொந்தரவு இருந்தால் கணக்கில் ஒன்று.

முந்தைய ஆண்டுகளின் கணக்கை வைத்து ஓர் எல்லை போட்டிருப்பார்கள். தொடர்ந்து இரண்டு வாரம் அதைத் தாண்டினால் கொள்ளைநோய் என்று அறிவிப்பு.

நான் குமாஸ்தா வேலை பார்த்தவன். மாதாந்திர அறிக்கை தபாலில் போய், கூட்டிப் போட்டு, மேலிடம் சேர்வதற்குள் அடுத்த மாதம் பாதி ஓடிவிடும். கிரிப்புக்கு அப்படிப்பட்ட கணக்கு செத்தவர்களை எண்ணத்தான் உதவும். ஆஸ்பத்திரியில் படுக்கை ஒதுக்க உதவாது.

2012 ஜூன் 30-ஆம் தேதியோடு மினிடெல்லை நிறுத்திவிட்டார்கள். மருத்துவர்கள் இன்டர்நெட்டுக்கு மாறி, இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.