சயாம் மரண ரயில்: எண்ணப்பட்டோரும் எண்ணப்படாதோரும்

போர் ஓய்ந்ததும் அரசுகள் கணக்கெடுக்கத் தொடங்குகின்றன. எத்தனை கப்பல்கள் மூழ்கின, எத்தனை பாலங்கள் தகர்ந்தன, எத்தனை வீரர்கள் மாண்டனர் என்று ஏடுகள் நிரம்புகின்றன. துப்பாக்கி ஏந்தாமலே போரின் பொருட்டு மடிந்த பொதுமக்களின் கணக்கோ பெரும்பாலும் ‘சுமார்’ என்று தொடங்கிச் சைபர்களில் முடிகின்றது. இந்த வேறுபாடு எங்ஙனம் நேர்கின்றது என்பதைக் காண, ரயில்வே ஊழியனாகிய எனக்கும் தமிழராகிய நம் எல்லோருக்கும் நெருக்கமான ஒரு பாதையை எடுத்துக்கொள்கிறேன்.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மாவில் இருந்த தம் படைக்குக் கடல் வழியே தளவாடம் அனுப்புவது நேச நாட்டு நீர்மூழ்கிகளால் ஆபத்தாகவே, சயாமின் பான்பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயத் வரை 415 கிலோமீட்டர் நீளத்திற்கு மீட்டர் கேஜ் பாதை ஒன்றை ஜப்பானியர் அமைக்கத் துணிந்தனர். மலையும் அடர்காடும் மலேரியாவும் நிறைந்த வழி அது. தண்டவாளங்களில் ஒரு பகுதி மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. 1942-ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கிய வேலை, 1943 அக்டோபரில் இரு முனைகளும் கூடி முடிந்தது. மண் வெட்டியும் கூடையும் வைத்துக்கொண்டு ஒன்றரை ஆண்டுக்குள் இவ்வளவு பாதையா என்று நம் எஞ்சினீயரிங் பிரிவு நண்பர்கள் வியப்பர். அந்த வேகத்தின் விலையைத்தான் இங்கே பேசுகின்றோம்.

வேலை செய்தோர் இரு திறத்தார். ஒரு திறத்தார் போர்க் கைதிகளான பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கச் சிப்பாய்கள். ஏறத்தாழ 61,000 பேர். மற்றொரு திறத்தார் ஆசியத் தொழிலாளர். பர்மியர், மலாய்க்காரர், ஜாவானியர் ஆகியோருடன் மலாயா ரப்பர்த் தோட்டத் தமிழரும் அவர்களுள் பெருந்தொகையினர். மலாயாவிலிருந்து மட்டும் 75,000-க்கு மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நம்மவர். ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்களில் கூலி இல்லாத காலம். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று ஆசை காட்டி அழைத்தனர். ஆள் சேராதபோது பிடித்து லாரியில் ஏற்றினர்.

போர்க் கைதிகளுள் 12,000-க்கு மேற்பட்டோர் இறந்தனர். பசி, சீதபேதி, மலேரியா, காலரா, அடி ஆகியவை அவர்களை விட்டுவைக்கவில்லை. ஆனால் அவர்களிடம் ஒன்று இருந்தது. அதுதான் பட்டாளத்தின் ஒழுங்கு. ஒவ்வொருவனுக்கும் எண் உண்டு. தன் ரெஜிமெண்டு உண்டு. செய்தி அனுப்ப வேண்டிய உறவினர் பெயர் ஏட்டில் உண்டு. அதிகாரிகளும் மருத்துவர்களும், காவலர் கண்ணில் படாமல், யார் எந்நாளில் எந்நோயால் இறந்தார், எங்கே புதைக்கப்பட்டார் என்று குறித்து ஒளித்து வைத்தனர். 1945 செப்டம்பரில், போர் முடிந்த சில வாரங்களிலேயே, ஒரு தேடுங்குழு அப்பாதை வழியே புறப்பட்டது. 144 இடுகாடுகளில் 10,549 கல்லறைகளைக் கண்டுபிடித்தது. காணக் கிடைக்காதவை 52 மட்டுமே! இன்று காஞ்சனபுரி, சுங்காய், தன்பியூசாயத் ஆகிய மூன்று மயானங்களில், பெயர் தெரிந்தோரின் கல்லறைகளில் தனித் தகடு உண்டு.

தொழிலாளருக்கு இவற்றில் எதுவும் இல்லை. தோட்டத்தில் இருந்தவரை செக்ரோலில் பெயர் இருந்தது. கூட்ஸ் வண்டியில் ஏறியபின் அவர்கள் தலை எண்ணிக்கையாக மாறினர். மஸ்டர் ரோல் எழுதிப் பழகியவர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். தலையை எண்ணுவது வேலை வாங்குவதற்கு. பெயரை எழுதுவதோ பதில் சொல்வதற்கு. 1943-இல் மழையோடு காலரா பரவியபோது கூடாரம் கூடாரமாக மக்கள் மாண்டனர். அதிகாரி இல்லை, மருத்துவர் அரிது, எழுதுவோர் இல்லை. எரித்தவர்களும் புதைத்தவர்களும் சில நாட்களில் தாமே அக்குழிகளுக்குப் போயினர்.

ஆகவே பின்னர் கணக்கிட்டவர்கள் கழித்தல் கணக்கையே நம்ப வேண்டியதாயிற்று. போனவர் இத்தனை, திரும்பியவர் இத்தனை, எஞ்சியவர்? அவர்களுள் இறந்தவரும் உண்டு, காட்டுக்குள் ஓடிப்போனவரும் உண்டு, சயாமிலேயே தங்கிவிட்டவரும் உண்டு. ஓடியவன் பிழைத்தானா, காட்டில் மடிந்தானா என்பதைக் கழித்தல் சொல்லாது. மலாயாத் தொழிலாளரில் இறந்தோர் 30,000-க்கு அருகில் என ஒரு கணக்கும், 42,000 என மற்றொரு கணக்கும் வழங்குவதன் காரணம் இதுவே. ஆசியத் தொழிலாளர் எல்லோரையும் சேர்த்தால் இறந்தோர் 80,000 முதல் 1,00,000 வரை என்பது போர்க் கல்லறை ஆணையத்தின் மதிப்பீடு. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள 20,000 என்னும் ஐயம், இறந்த போர்க் கைதிகளின் மொத்தத் தொகையைவிடப் பெரிது என்பதை அன்பர்கள் கருதிப் பார்த்தல் வேண்டும்.

ஒரு ஸ்லீப்பர் கட்டைக்கு ஓர் உயிர் என்று வழங்கும் பேச்சு ஒன்றுண்டு. கட்டைகளின் இடைவெளி இரண்டடிக்குச் சற்றுக் கூடுதல் என்று கொண்டால் 415 கிலோமீட்டருக்கு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டைகள் வேண்டும். எனவே அப்பேச்சு மிகை. ஏறக்குறைய ஐந்தாறு கட்டைக்கு ஓர் உயிர் என்பதே பொருந்தும். பாதை நெடுக நான்கு மீட்டருக்கு ஒரு பிணம் என்றால் அதை மிகைப்படுத்தவும் வேண்டுமோ?

சட்டமும் இப்பாகுபாட்டிற்குத் துணை நின்றது. போர்க் கைதிகளின் பெயர்ப் பட்டியலைத் தருமாறு 1929-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தம் கூறிற்று. ஜப்பான் அதில் கையொப்பமிட்டும் உறுதி செய்யவில்லை. ஆயினும் கேட்பதற்கு ஒரு விதியாவது இருந்தது. பொதுமக்களுக்கெனத் தனி ஜெனீவா ஒப்பந்தம் பிறந்தது 1949-இல்தான். போர்க் கல்லறை ஆணையமும் படையினருக்காக 1917-இல் ஏற்பட்டது; தோட்டத் தொழிலாளி அதன் ஏட்டில் இடம்பெறவில்லை. 1957-இல் வந்து உலகமெங்கும் ஓடிய ‘பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்திலும் நம்மவர்க்கு இடமில்லை. நல்ல வேளையாக, மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவலில் அவர்களைத் தமிழ் வாசகர் முன் நிறுத்தினார்.

1990-இல் காஞ்சனபுரியில் நிலம் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் ஒரே இடத்தில் வெளிப்பட்டன. 2024-ஆம் ஆண்டில் அந்நகரின் பௌத்த ஆலயம் ஒன்றில் தமிழர் முயற்சியால் நடுகல் நிறுவப்பட்டது.

நம் காலனியில் உள்ள குடும்பங்கள் பலவற்றின் மூத்தோர் தஞ்சையிலிருந்தும் சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் மலாயாவுக்குக் கப்பலேறியவர்கள். 1942-க்குப் பின் கடிதம் நின்றுபோன பாட்டனோ, பெரிய பாட்டனோ, அவர்தம் உடன்பிறந்தாரோ எவர் வீட்டிலேனும் உண்டாயின், அவர் பெயர், ஊர், சென்ற தோட்டத்தின் பெயர், கடைசிக் கடிதம் வந்த ஆண்டு ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிச் சங்கக் காரியதரிசியிடம் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்தின் பெயர் நினைவில்லை என்றால் ஊரின் பெயர் மட்டும் போதும்.