கண்டதும் காணத் தவறியதும்: மெட்மன்ஹம் மாளிகையின் கதை

1942 ஏப்ரல் 4ஆம் திகதி. காலி மாவட்டத்திலுள்ள கொக்கலை வாவியிலிருந்து புறப்பட்ட கற்றலைனா நீர்விமானமொன்று இலங்கைக்குத் தென்கிழக்கே இந்து சமுத்திரத்தின்மேல் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. அதைச் செலுத்தியவர் லியனாட் பேர்ச்சல் என்ற கனடிய விமானப்படை அதிகாரி. அவர் இலங்கைக்கு வந்து இரண்டு நாட்களே ஆகியிருந்தன. மாலை வேளையில், கரையிலிருந்து சுமார் 350 மைல் தொலைவில், அட்மிரல் நகுமோவின் ஜப்பானியக் கடற்படை அவரது கண்களில் பட்டது. சுட்டு வீழ்த்தப்படுவதற்கு முன்னர் அவர் வானொலி மூலம் அனுப்பிய எச்சரிக்கை கொழும்பை எட்டியது. விமானத்திலிருந்த ஒன்பது பேரில் மூவர் உயிரிழந்தனர். எஞ்சியோர் சிறைப்பிடிக்கப்பட்டனர். மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பின்மீது குண்டுகள் விழுந்தன.

வேவு விமானம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது இத்தகைய வீரக் கதைகளே. ஆயினும் விமானியின் கண்ணுக்கு எட்டுவது கொஞ்சமே. முப்பதாயிரம் அடி உயரத்தில் பறப்பவருக்குக் கீழே தெரிவது நிறங்களும் கோடுகளும் மட்டுந்தான். அங்கே கமரா பதிவு செய்வதைத் தரையில் அமர்ந்து, பூதக்கண்ணாடியால் பார்த்துப் படித்துச் சொல்வதற்கென ஒரு பெரும் அலுவலகம் இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் இங்கிலாந்தில் இயங்கியது. துப்பாக்கி ஏந்தாத அந்தப் படையின் கதை பரவலாக அறியப்படாதது.

அதன் தொடக்கத்துக்குக் காரணமானவர் சிட்னி கொற்றன் என்ற அவுஸ்திரேலியர். முதலாம் உலக யுத்தத்தில் விமானியாக இருந்தவர், பின்னர் வணிகர், விதிமுறைகளை மதிக்காதவர். 1939இல் பிரித்தானிய உளவுத்துறை அவருக்கு லொக்கீட் விமானமொன்றை வழங்கியது. அதன் அடிப்பகுதியில் கமராக்கள் மறைத்து வைக்கப்பட்டிருந்தன. வணிகப் பயணி என்ற போர்வையில் ஜேர்மனியின்மேல் பறந்து அவர் படமெடுத்து வந்தார்.

யுத்தம் மூளும் தறுவாயில், மொறிஸ் லோங்பொட்டம் என்ற இளம் அதிகாரி ஒரு குறிப்பு எழுதினார். வேவு பார்க்கும் விமானம் சண்டையிடத் தேவையில்லை, அது தப்பி வரவேண்டும், எனவே ஆயுதங்களைக் களைந்துவிட்டு வேகமாகவும் உயரமாகவும் பறக்கும் சிறு விமானத்தைப் பயன்படுத்தவேண்டும் என்பதே அதன் சாரம். கொற்றனும் அவரும் ஸ்பிற்பயர் விமானங்களிலிருந்து இயந்திரத் துப்பாக்கிகளைக் கழற்றினர், அவ்விடத்தில் கமராக்களைப் பொருத்தினர், வானத்தோடு கலந்துவிடும் வெளிர் நிறம் பூசினர். 1939 நவம்பர் 18ஆம் திகதி பிரான்சிலிருந்து லோங்பொட்டமே முதற் பறப்பை மேற்கொண்டார். மேலிடத்தோடு ஒத்துப்போகாத கொற்றன் 1940 யூனில் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். அவர் உருவாக்கிய அலகு மட்டும் வளர்ந்தது.

படங்கள் குவியத் தொடங்கியதும் அவற்றைப் படிப்பதற்கு ஆட்கள் தேவைப்பட்டனர். 1941 ஏப்ரலில் தேம்ஸ் நதிக்கரையில், மெட்மன்ஹம் கிராமத்தருகே, டேன்ஸ்பீல்ட் என்ற மாளிகையில் மத்திய படவிளக்கப் பிரிவு குடியேறியது. அங்கே கூடியவர்கள் பெரும்பாலும் இராணுவத்தினர் போன்றே இருக்கவில்லை. கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் முதற் பெண் பேராசிரியையான டொறதி கரட் அங்கு பணியாற்றினார். அவரும் தொல்லியலாளர். பிரதமர் சேர்ச்சிலின் மகள் சாறாவும் அங்கு இருந்தார். தொல்லியலாளர்களான கிளின் டானியலும் ஸ்ருவட் பிகொட்டும் பின்னர் இதே பணிக்காக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். பிகொட் அங்கு கற்றவற்றைக் கொண்டு எழுதிய இந்திய முன்வரலாற்று நூல் 1950இல் வெளியானது. வயலின் நிறமாற்றத்தைக் கண்டு அடியில் புதையுண்ட சுவரை ஊகிக்கத் தெரிந்தவர்களுக்கு, மண்ணில் விழுந்த புதிய தடத்தைக் கண்டு பீரங்கித் தளத்தை ஊகிப்பது அந்நியமான வித்தை அல்ல.

வேலை மூன்று கட்டங்களாக நடந்தது. விமானம் தரையிறங்கிய சில மணி நேரத்துக்குள் விமானத்தளத்திலேயே அவசரச் செய்திகள் எடுக்கப்பட்டன. ஒரு நாளுக்குள் இரண்டாவது அறிக்கை தயாரானது. மூன்றாவது கட்டத்தில் விமானங்கள், கப்பல்கள், தொழிற்சாலைகள், ரயில் பாதைகள் என ஒவ்வொரு துறைக்குமுரிய நிபுணர்கள் நாட்கணக்கில் ஆராய்ந்தனர். அவர்களின் பிரதான கருவி எளியது. கமரா எடுக்கும் ஒவ்வொரு படமும் அடுத்த படத்தோடு சுமார் அறுபது வீதம் பொருந்துமாறு எடுக்கப்படும். அவ்விரண்டையும் அருகருகே வைத்து இரட்டைக் கண்ணாடி வழியாக நோக்கினால் தட்டையான நிலம் எழுந்து நிற்கும். நிழலின் நீளத்தையும் படம் எடுத்த நேரத்தையும் கொண்டு கட்டடத்தின் உயரத்தைக் கணித்தனர்.

இதன் பயன்கள் பல. 1941 மே 21ஆம் திகதி மைக்கல் சக்ளிங் எடுத்த படத்தில்தான் நோர்வேயின் கரையோரத்தில் ஒதுங்கியிருந்த பிஸ்மார்க் போர்க்கப்பல் அகப்பட்டது. ஆறு நாட்களில் அது கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசெம்பரில் ரொனி ஹில் தாழப் பறந்து எடுத்த படம் பிரான்சின் புறுனவாலில் இருந்த ஜேர்மன் ராடாரைக் காட்டியது. 1942 பெப்ரவரியில் பரசூட் படையினர் இறங்கி அதன் பாகங்களைக் கழற்றி எடுத்து வந்தனர். சக்ளிங்கும் ஹில்லும் பின்னர் வேவுப் பறப்புகளிலிருந்து திரும்பி வரவில்லை.

விமானங்களை ஆராயும் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் கொன்ஸ்ரன்ஸ் பபிங்ரன் ஸ்மித் என்ற பெண். யுத்தத்துக்கு முன்னர் விமானவியல் சஞ்சிகை ஒன்றில் எழுதி வந்தவர். நமது தொழிலைச் சேர்ந்தவர் என்று நான் சற்றுப் பெருமையோடு குறிப்பிடுகிறேன். 1943 இறுதியில், மிகச் சிறிய விமானம் எதுவும் பீனமுண்டேயில் தென்படுகிறதா என்று தேடும்படி அவரிடம் கேட்கப்பட்டது. பழைய படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான வெள்ளைப் புள்ளியாக அது அங்கே இருந்தது. நவம்பர் 28ஆம் திகதி மற்றொரு விமானி, பேர்லின் முகிலால் மூடியிருந்ததால் பால்டிக் கரைக்குத் திரும்பி எடுத்து வந்த படத்தில், அதே சிறு விமானம் சரிவுப் பாதையொன்றில் ஏற்றப்பட்டு நின்றது. லண்டன்மீது ஏவப்படவிருந்த பறக்கும் குண்டு அதுவே. 1944 யூன் 13ஆம் திகதி அதன் முதற் குண்டு லண்டனில் விழுமுன்னரே பிரான்சிலிருந்த ஏவுதளங்கள் பல தாக்கப்பட்டிருந்தன.

இது வெற்றியின் கதை. ஆனால் இதே பீனமுண்டே 1942 மே மாதத்திலேயே படமெடுக்கப்பட்டிருந்தது. அப்படத்தில் வட்ட வடிவ மண்மேடுகள் தெரிந்தன. அவை என்னவென்று எவருக்கும் விளங்கவில்லை. படம் கோவையில் போடப்பட்டது. ரொக்கட் குறித்த தகவல்கள் வேறு வழிகளில் வந்து, தேடும்படி உத்தரவு பிறந்த பின்னர்தான் அந்த மேடுகளுக்குப் பொருள் கிடைத்தது. 1943 ஓகஸ்டில் கிட்டத்தட்ட அறுநூறு குண்டுவீச்சு விமானங்கள் அங்கு சென்றன. நாற்பது திரும்பவில்லை. அருகிலிருந்த முகாமில் அடைக்கப்பட்டிருந்த வெளிநாட்டுக் கட்டாயத் தொழிலாளர் நூற்றுக்கணக்கில் மாண்டனர்.

இதைவிடக் கனமான ஒன்று உண்டு. பேர்ச்சல் கொக்கலையிலிருந்து பறந்து சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 1944 ஏப்ரல் 4ஆம் திகதி, தென்னாபிரிக்க விமானப்படையின் மொஸ்கிற்றோ விமானம் ஒன்று இத்தாலியிலிருந்து புறப்பட்டுப் போலந்தின் மொனோவிட்ஸ் இரசாயனத் தொழிற்சாலையைப் படமெடுத்தது. செயற்கை எண்ணெயும் இறப்பரும் அதன் நோக்கம். கமரா ஓடிக்கொண்டிருந்ததால் அருகிலிருந்த அவுஷ்விட்ஸ் முகாமும் படச்சுருளில் விழுந்தது. அவ்வாண்டில் மேலும் பல பறப்புகள் நடந்தன. ஓகஸ்ட் 25ஆம் திகதிப் படங்களில் பேர்க்கனோவின் எரியூட்டும் கட்டடங்களும், மனிதர்கள் வரிசையாக நடத்திச் செல்லப்படுவதும் பதிவாகியிருந்தன.

படவிளக்கம் எழுதியவர்கள் தொழிற்சாலையின் கொதிகலன்களையும் புகைபோக்கிகளையும் நுணுக்கமாக விபரித்தனர். முகாமைப் பற்றி அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. அங்கிருந்து தப்பிய இரு யூத இளைஞர்களின் வாக்குமூலம் 1944 கோடையில் நேச நாடுகளை எட்டியது. அதன் பின்னரும், அந்த வாக்குமூலத்தை ஒரு கையிலும் இந்தப் படங்களை மறுகையிலும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும்படி எவரும் பணிக்கவில்லை. 1979இல்தான் அமெரிக்க உளவுத்துறையின் படவிளக்க நிபுணர்கள் இருவர் அப்பழைய சுருள்களை மீண்டும் எடுத்து ஆராய்ந்து, அவற்றில் இருந்தது என்ன என்பதை உலகுக்குச் சொன்னார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் அந்த வரிசை படத்தில் நின்றபடியே இருந்தது.

மெட்மன்ஹம் அலுவலர்களைக் குற்றவாளிகளாக்குவது என் நோக்கமல்ல. யுத்த முடிவில் அவர்களிடம் ஐம்பது இலட்சம் படங்கள் இருந்தன. ஒரு நாளில் அறுபதாயிரம் பிரதிகள் கைமாறிய காலமும் உண்டு. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. கொதிகலனின் அளவைக் கேட்ட மேலிடம் மனிதர்களைப் பற்றி ஏன் கேட்கவில்லை? பார்ப்பவரின் கூர்மை எவ்வளவுதான் இருப்பினும், கேட்கப்படும் கேள்விதான் எதைக் காண்பது என்பதைத் தீர்மானிக்கிறது.

பத்திரிகை அலுவலக மேசையில் படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதியே பல ஆண்டுகள் கழித்தவன் நான். நாம் தேடியதையே படத்தில் கண்டு எழுதிவிட்டு, அதன் ஓரத்தில் நின்றவரைக் கவனிக்காமல் அச்சுக்கு அனுப்பிய இரவுகள் எனக்கும் உண்டு.

அந்தப் படங்களிற் பெருந்தொகையானவை இன்று ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் பேணப்படுகின்றன. ஜேர்மனியில் புதிய கட்டடத்துக்கு அத்திவாரம் தோண்டுமுன், வெடிக்காத குண்டுகள் எங்கே புதைந்துள்ளன என்று அறிய யுத்தக்கால வான்படங்களைப் பார்க்கிறார்கள். அழிப்பதற்காக எடுக்கப்பட்ட படங்கள் இப்போது உயிர்காக்க உதவுகின்றன. படங்கள் மாறவில்லை. கேட்கும் கேள்விதான் மாறியிருக்கிறது.