ஆசிரியரும் ஓவியரும்: 'அலிஸ்' நூல்கள் உருவான வரலாறு

எழுதுபவர் ஓரூரிலும் அதற்குச் சித்திரம் வரைபவர் பிறிதோரூரிலும் இருப்பின், நூலின் தலைமை யாருக்குரியது? இவ்வினாவினை ஆராய்வார்க்கு லூயிஸ் கரோல், ஜோன் தெனியல் என்னும் இருவர்தம் கூட்டுறவு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

கரோல் என்பது புனைபெயர். இயற்பெயர் சாள்ஸ் டொட்ஜ்சன். ஒக்ஸ்போட்டிலே கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியிற் கணித விரிவுரையாளராயிருந்தவர். அலிஸ் லிடெல் என்னும் சிறுமிக்கெனக் கதையைத் தம் கையாலெழுதி, 37 படங்களையும் தாமே வரைந்து, 1864 நவம்பரில் அவளுக்குப் பரிசளித்தார். ஆயினும், அச்சேறும் நூலுக்குத் தம் கோடுகள் போதாவெனக் கண்டு, அவ்வாண்டின் தொடக்கத்திலேயே இலண்டனிலிருந்த தெனியலை நாடியிருந்தார். தெனியலோ 'பஞ்ச்' பத்திரிகையிற் பெரும்புகழ் பெற்றிருந்தவர். இளமையில் வாட்பயிற்சியின்போது ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். எழுத்தாளர் தம் குறையைத் தாமே காண்பது அரிது, கரோல் கண்டார்.

அக்காலத்திலே படம் அச்சேறும் முறையினை இன்றைய மாணவர் அறிந்திரார். ஓவியர் வரைந்ததை மரக்கட்டைமீது இடவலம் மாற்றித் தீட்டல் வேண்டும். அதனைத் தல்சியல் சகோதரர் என்னும் செதுக்குநர் உளியாற் செதுக்குவர். உளி பட்டபின் கட்டைமேலிருந்த சித்திரம் மீளாது. ஆதலின் ஆசிரியர், ஓவியர், செதுக்குநர், அச்சகத்தார் ஆகிய நால்வரிடையும் கடிதங்களும் பரிசோதனைப் படிகளும் ஓயாது சென்றுவந்தன. 42 படங்களுக்குமாகத் தெனியல் பெற்றது 138 பவுண். அச்சுச்செலவோ கரோலுடையது, மக்மில்லன் நிறுவனத்தார் வெளியீட்டாளரே.

1865 ஜூலையில் இடி விழுந்தாற்போல் ஒரு கடிதம் வந்தது. ஒக்ஸ்போட்டில் அச்சான 2000 படிகளிலே தம் படங்கள் செவ்வனே பதியவில்லையெனத் தெனியல் எழுதியிருந்தார். கரோல் அப்பதிப்பு முழுவதையும் விலக்கினார். நண்பர்க்கு அளித்தவற்றையும் திருப்பித் தருமாறு வேண்டினார். இலண்டனில் றிச்சட் கிளே என்பார் மீள அச்சிட, நூல் அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்தது; ஆண்டென அதன் முகப்பிற் பொறிக்கப்பட்டதோ 1866. விலக்கிய தாள்கள் நியூயோர்க்கிலுள்ள அப்பிள்டன் நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. ஓவியரின் ஒரு சொல்லுக்காக ஆசிரியர் தம் கைப்பொருளை இழக்கத் துணிந்தமை சிறிதன்று.

இரண்டாம் நூலுக்குத் தெனியல் எளிதில் இசைந்தாரல்லர். 1868ஆம் ஆண்டிற்றான் உடன்பட்டார். 1870 ஜூன் 1ஆம் திகதி அவர் எழுதிய கடிதம் இவ்வரலாற்றின் உயிர்நிலை எனலாம். புகைவண்டிக் காட்சியிலே வண்டி துள்ளும்போது அலிஸ் கிழவியின் கூந்தலை அன்றி, அருகிலுள்ள ஆட்டின் தாடியைப் பற்றுவதாக மாற்றலாம் என்றார். பொய்ம்முடி தரித்த குளவியைப் பற்றிய பகுதியோ தமக்குச் சுவைக்கவில்லை, அதற்குப் படமும் தோன்றவில்லை என்றார். கரோல் இரண்டையும் ஏற்றார். நீக்கிய பகுதியின் அச்சுத்தாள்கள் 1974இல் இலண்டனில் ஏலத்துக்கு வந்தபின்னரே அதனை உலகம் படித்தது. 1977இல் அது நூலாயிற்று. படித்தோர் சிலர் தெனியலின் தீர்ப்பையே சரியென்பர், யானும் அக்கட்சியினனே.

கரோலுடன் ஒரு வாரமேனும் பணிசெய்தல் அரிதெனத் தெனியல் எச்சரித்ததாகப் பின்வந்த ஓவியர் ஹரி பேர்னிஸ் எழுதினார். பேர்னிஸ் கதையைச் சுவைபடக் கூறுபவர். அவர் சொல்லை அப்படியே கொள்ளலாகாது. மேற்கண்ட கடிதமோ, விட்டுக்கொடுத்தவர் ஆசிரியர் என்பதற்குச் சான்று. எனினும் 1871 திசெம்பரில் இரண்டாம் நூல் வெளிவந்தபின், கரோலின் வேறெந்தப் புதுக்கதைக்கும் தெனியல் படம் வரைந்தாரல்லர். அவர்தம் படங்களுக்குரிய மரக்கட்டைகள் 1985இல் இலண்டன் வங்கியொன்றின் காப்பறையிலே கண்டெடுக்கப்பட்டன.