வீட்டில் வைக்கும் வாள்

அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவன் காட்டிய படைக்கலங்களைக் கண்டு பாடிய பாட்டுப் புறநானூற்றில் 95-ஆம் பாட்டாக உள்ளது. பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல் மிக்க மாளிகையில் இருந்தன தொண்டைமானின் கருவிகள். அதியமானுடையவோ நுனி சிதைந்து கொல்லன் கொட்டிலில் கிடந்தன. புகழ்வதுபோலப் பழித்த அப்பாட்டின் நயத்தை நம் ஆசிரியர்கள் வகுப்பறையில் விளக்குவது வழக்கம். வரலாறு பயில்வோருக்கும் அதில் ஒரு பாடம் உண்டு. படைக்கலத்தின் பளபளப்பு அதன் வரலாற்றைச் சொல்வதில்லை. அதன் சிதைவுதான் சொல்லுகின்றது.

பழம் படைக்கலங்களைத் தேடி வாங்கி வீட்டில் காட்சிக்கு வைப்போர் இன்று பல நாடுகளிலும் உளர். அவர்கள் பெரிதும் விரும்புவனவற்றுள் ஒன்று ஜப்பானிய வாள். 1942 முதல் 1945 வரை மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அவ்வாளைத் தரித்தவர்கள் நடத்திய ஆட்சி எத்தகையது என்பதை மூத்தோர் சொல்லக் கேட்டவர்கள் நாம். ஆதலின், அதனை வீட்டில் எவ்வாறு வைப்பது என்பது நமக்கு வெறும் அழகுபற்றிய வினா அன்று.

ஜப்பானியரிடையே வாளை வைப்பதற்கென்றே மரபான முறைகள் உண்டு. ‘தாச்சி’ என்னும் பழைய வாள் குதிரைவீரனின் இடையில் கூர்ப்புறம் கீழ்நோக்கத் தொங்கியது. தாங்கியிலும் அவ்வாறே வைப்பர். பிற்காலத்துக் ‘கத்தானா’ இடைக்கச்சையில் கூர்ப்புறம் மேல்நோக்கச் செருகப்பட்டது. அதனைக் கூர்ப்புறம் மேலாகவே வைத்தல் வேண்டும். அமர்ந்திருக்கும்போது வாளைத் தன் வலப்பக்கம் வைத்த வீரன், வலக்கையால் விரைந்து உருவ இயலாத நிலையில் அதனை வைத்து, தன் நட்பைப் புலப்படுத்தினான். வைக்கும் முறையே ஒரு மொழியாக இருந்தது என்பது இதனால் விளங்கும்.

போர் ஓய்ந்த காலத்தில்தான் வாள் காட்சிப்பொருளாக வளர்ந்தது. 1588-இல் ஹிதேயோஷி குடியானவர்களின் வாள்களைப் பறித்தார். புத்தர் பெருங்கோயிலுக்கு ஆணியும் தாழும் செய்யவே அவை வேண்டும் என்று காரணம் கூறினார். 1603-இல் தொடங்கிய தொக்குகாவா ஆட்சியின் நீண்ட அமைதியில் வாள் குலப்பெருமையின் சின்னமாயிற்று. 1876-இல் மெய்ஜி அரசு பொதுவிடங்களில் வாள் தரிப்பதைத் தடைசெய்தது. இடையை விட்டு நீங்கிய வாள் வீட்டுக்குள் புகுந்தது.

ஆனால் இருபதாம் நூற்றாண்டின் போர்வெறி அதனை மீண்டும் வெளியே கொணர்ந்தது. 1934 முதல் பழைய தாச்சியின் தோற்றத்தில் படை அதிகாரிகளுக்குப் புதுவகை வாள் வகுக்கப்பட்டது. அவற்றுட் பெரும்பாலானவை தொழிற்சாலைகளில் செய்யப்பட்டவை. சில அதிகாரிகளோ பாட்டனார் வழிவந்த பழைய அலகையே புதிய பிடியிலும் உறையிலும் பொருத்திக்கொண்டு போருக்குச் சென்றனர். ஆதலின் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு வாள்களில், ஒன்று சில ஆண்டுக்காலத்ததாகவும் மற்றொன்று சில நூற்றாண்டுக்காலத்ததாகவும் இருக்கக்கூடும்.

1945-இல் ஜப்பான் பணிந்தபோது, தென்கிழக்காசியாவில் நேசநாட்டுப் படைகளின் தலைவராயிருந்த மவுண்ட்பேட்டன், ஜப்பானிய அதிகாரிகள் தம் வாள்களை வெளிப்படையாக ஒப்படைக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். தளபதி தெராவுச்சி நோயுற்றிருந்தமையால், செப்டம்பர் 12-ஆம் நாள் சிங்கப்பூரில் நடந்த சரண் நிகழ்ச்சியில் அவருக்காக இத்தாகாக்கி கையொப்பமிட்டார். தெராவுச்சி தம் வாள்களை நவம்பர் 30-ஆம் நாள் சைகோனில் மவுண்ட்பேட்டனிடம் நேரில் ஒப்படைத்தார். இவ்வாறும் பிறவாறும் கைமாறிய வாள்கள், போர்வீரர்களின் மூட்டைகளில் பல நாடுகளின் வீடுகளுக்குச் சென்று சேர்ந்தன.

அவ்வாறு சென்றவற்றுள் இரண்டின் கதை எண்ணத்தக்கது. ‘ஹோஞ்சோ மசமுனே’ என்பது தொக்குகாவா குடும்பத்தில் வழிவழியாகப் போற்றப்பட்ட வாள். 1939-இல் நாட்டின் அருஞ்செல்வங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. 1945 டிசம்பரில் அக்குடும்பத்தார் அதனைத் தோக்கியோவின் மெஜிரோ காவல் நிலையத்தில் ஒப்படைத்தனர். அடுத்த மாதம் அது அங்கிருந்து எடுத்துச் செல்லப்பட்டது, பின்னர் அகப்படவேயில்லை. மற்றொன்று, குனிமுனே என்னும் பழங்கொல்லர் செய்த வாள். ககோஷிமாவின் தெருகுனிக் கோயிலுக்குரிய அது, போருக்குப்பின் காணாமற்போயிற்று. அமெரிக்காவில் அதனைப் பெற்ற மருத்துவர் வால்டர் காம்ப்டன், தம் கல்வியினால் அது இன்னதென உணர்ந்து, 1963-இல் பொருள் எதுவும் பெறாமல் கோயிலுக்கே திருப்பித் தந்தார். ஒருவர் படித்தறிந்தமையால் ஒரு வாள் தன் வரலாற்றை மீண்டும் பெற்றது.

எதனைப் படிப்பது? வாளின் பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியை ‘நக்காகோ’ என்பர். செய்தவர் பெயரும் சில வேளைகளில் ஆண்டும் அங்கேதான் பொறிக்கப்படும். பெயர் இல்லாவிடினும் அதன் வடிவமும், அரத்தின் கீற்றுகளும், நூற்றாண்டுகளாகப் படிந்து கறுத்த துருவின் நிறமும் காலத்தைக் காட்டும். மசமுனே தம் வாள்கள் மிகப் பலவற்றில் பெயர் பொறித்தவர் அல்லர் என்பதை நினைக்கும்போது இதன் அருமை புலனாகும். அழுக்கென்று கருதி அத்துருவைத் தேய்த்துப் போக்கியவர்கள் பலர். தேய்த்தவர் துப்புரவு செய்ததாகவே எண்ணினார்; உண்மையில் ஒரு கல்வெட்டைச் செதுக்கி எறிந்தார்.

ஆகவே, காட்சிப்பேழை அமைக்கும் அன்பர்கள் முதலில் தம் நாட்டுச் சட்டம் வாள் வைத்திருப்பதற்கு என்ன கூறுகின்றது என்று அறிந்துகொள்ள வேண்டும். அடுத்து, அலகையும் அணிகளையும் பிரித்து வைப்பது நன்று. ஜப்பானியர் அலகை ‘ஷிராசாயா’ என்னும் பூச்சற்ற மர உறையில் ஓய்வாக வைப்பர்; வேண்டும்போது பிளந்து உட்புறத்தைத் துடைப்பதற்காக அவ்வுறையைச் சோற்றுப்பசையால் ஒட்டுவர். அழகிய பிடியையும் உறையையும் மரத்தாலான போலி அலகொன்றில் பொருத்தித் தனியே காட்சிக்கு வைப்பர். அலகை வெறுங்கையால் தொடலாகாது. வியர்வை இரும்பை அரிக்கும். மெல்லியதாக எண்ணெய் பூசி, சில மாதங்களுக்கு ஒருமுறை துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும். ஈரம் மிகுந்த நம் பருவநிலையில் இதில் சோர்வு கூடாது. கண்ணாடிப் பேழையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளை வைக்கலாம். புது மரமும் பசையும் வெளியிடும் ஆவி உலோகத்துக்குப் பகை. வெயிலோ பிடியில் சுற்றிய பட்டு நாடாவை நிறமிழக்கச் செய்யும். மெருகேற்றும் வேலையைப் பயின்றவர் கைக்கே விட்டுவிட வேண்டும்.

இவை யாவும் செய்தபின்னும் பேழை முற்றுப்பெறாது. அதனருகே ஒரு குறிப்பு அட்டை வேண்டும். அலகின் நீளம், பொறிப்பு, யாரிடமிருந்து எந்த ஆண்டில் பெற்றது, என்னென்ன பழுது பார்க்கப்பட்டது என்பவற்றை அதில் எழுதுக. உறுதியாக அறிந்ததையும் ஊகத்தையும் பிரித்தெழுதுக. போர்க்கால வாளாயின் போரையும் எழுதுக. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததும் சீனர் பலர் பொறுக்கி எடுத்துக் கொல்லப்பட்டனர். தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட நம் தமிழ்த் தொழிலாளர், 415 கிலோமீட்டர் நீண்ட சயாம்–பர்மா ரயில்பாதையில் பசியாலும் வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பல்லாயிரவராய் மடிந்தனர். இவ்வாளின் கைப்பிடியைப் பற்றியிருந்த படையின் ஆணையில் நடந்தவை இவை.

அந்த வரிகள் காட்சியின் அழகைக் குறைக்குமோ என்று சிலர் தயங்கக்கூடும். கொல்லனின் கைத்திறனும் உண்மை. மடிந்தவர்களின் துயரும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது, துருவைத் தேய்த்தவர் செய்த பிழையையே மீண்டும் செய்வதாகும். பேழையின் முன்னே நிற்கும் சிறுவன், “இது யாருடைய வாள்?” என்று கேட்பான். அவனுக்கு விடை சொல்லும் வகையில் வைப்பதே வாளை வைக்கும் முறை.