தீவாந்தர சிட்சையும் சிறு திருட்டும்

கடையில் எடுத்த ஒரு சோப்புக்கட்டியின் பொருட்டு வழக்கு எழுந்தால் எதனை எதிர்பார்ப்பது? பத்துபஸ்தியில் வாழும் தமிழர்க்கு இக்கேள்வி தாம் வாழும் மண்ணின் சரித்திரத்தையும் உடன் அழைத்து வருகிறது.

1862 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம், திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதித்தது. பொருள் ஓரணாப் பெறுமா, ஆயிரம் ரூபாய் பெறுமா என்று அது கேட்கவில்லை. 1864-ஆம் ஆண்டுச் சட்டம் கசையடியையும் சேர்த்தது. தண்டனை பெற்றவன் மீண்டும் திருடினால், 75-ஆம் பிரிவின்படி ஆயுள்பரியந்தம் தீவாந்தர சிட்சை விதிக்கவும் இடமிருந்தது. அந்தத் தீவாந்தரம் எது? 1858 மார்ச்சில் இருநூறு கைதிகளுடன் தொடங்கிய போர்ட் பிளேயர்க் குடியேற்றமே; இன்று நீங்கள் காய்கறி வாங்கச் செல்லும் இதே ஊர்தான்.

கைதிக் குடியேற்றம் 1945-இல் ஒழிந்தது. கசையடியும் தீவாந்தர சிட்சையும் 1955-ஆம் ஆண்டுச் சட்டங்களால் நீங்கின. முதன்முறை தவறியவரை எச்சரித்து விடுவிக்க 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம் வழிசெய்தது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவோ பொருளின் மதிப்பையும் கேட்கிறது. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருள், முதல் தண்டனை, பொருளோ அதன் விலையோ திருப்பித் தரப்பட்டது என்ற மூன்றும் பொருந்தினால், 303-ஆம் பிரிவின்படி தண்டனை சமூகசேவையே. இது ஜாமீனுக்குரிய குற்றம். வாரண்டின்றிப் போலீஸார் கைது செய்யலாகாது.

ஆயினும் 305-ஆம் பிரிவைக் கவனியுங்கள். பொருள்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்தில் திருடினால் ஏழாண்டு வரை சிறை. ஜாமீன் உரிமையாகக் கிட்டாது. கடையும் அத்தகைய கட்டடமே என வாதிடலாம். என்போன்ற மொழிபெயர்ப்பாளர்க்கு ஒரு வரியில் முடியும் தொடர், குற்றஞ்சாட்டப்பட்டவர்க்கு நான்காண்டு வேறுபாடு. எனவே வழக்கில் எழுதப்பட்ட பிரிவு எதுவென்று முதலில் கேட்டறிதல் நலம்.

நேர்மையற்ற நோக்கம் இன்றேல் அது திருட்டே அன்று. மறதியால் பணம் தராது வந்தவர் அதனை எடுத்துரைக்கலாம். போலீஸாரிடம் தரும் வாக்குமூலத்தில் கையொப்பமிடத் தேவையில்லை. அறியாத ஹிந்தியில் எழுதிய தாளாயின் ஒருபோதும் இடலாகாது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும், காவலில் இருப்போர்க்கும் வருமானம் பாராது இலவச வக்கீல் உண்டு. 303-ஆம் பிரிவு வழக்காயின், பொருளுக்குடைய கடைக்காரர் இணங்கினால் சமரசமாகவும் முடித்துக்கொள்ளலாம்.