மூன்றாவது பிரேக் விளக்கு: மந்தைவெளிச் சாலைகளில் ஒரு கூடுதல் பொருளின் வரலாறு

காரின் பின்புறக் கண்ணாடியின் மேல் விளிம்பிலோ டிக்கிக் கதவின் உச்சியிலோ பொருத்தப்பட்டு, இருபக்கத்து பிரேக் விளக்குகளோடு சேர்ந்து எரியும் சிவப்பு விளக்கே மூன்றாவது பிரேக் விளக்கு எனப்படுகிறது. மந்தைவெளி, மயிலாப்பூர், அடையாறு வட்டாரத்து வண்டிகளில் அது முதலில் அலங்காரக் கடைச் சரக்காகவே வந்து சேர்ந்தது. தொழிற்சாலையே பொருத்தி அனுப்பும் வழக்கமும் சட்டத்தின் கவனமும் பின்னரே வந்தன. அது பழுதானால் உடனே சரிசெய்ய வேண்டும் என்ற எண்ணம் உரிமையாளர்களிடம் இன்றும் வலுவாக இல்லாததற்கு, அது நுழைந்த அந்த வாசலையே பெரிதும் காரணமாகச் சொல்ல வேண்டும்.

சென்னையில் மோட்டார் வண்டியின் கதை அடையாற்றோடு தொடங்குகிறது. பாரி நிறுவனத்தின் இயக்குநராக இருந்த ஏ.ஜே. யார்க் 1894-ல் அடையாறு பென்ஸ் கார்டன்ஸிலிருந்து பாரிமுனைக்கு நாள்தோறும் ஓட்டிச் சென்றதே நகரின் முதல் கார் என்பது நகர வரலாற்றாசிரியர்கள் கூறும் செய்தி. மந்தைவெளியை மயிலாப்பூரோடும் அடையாற்றோடும் இணைக்கும் இன்றைய ஆர்.கே. மடம் சாலை அக்காலத்தில் பிராடீஸ் ரோடு. அடையாற்றங்கரையில் மாளிகை எழுப்பி, 1801-ல் அதே ஆற்றில் படகு கவிழ்ந்து மாண்ட ஜேம்ஸ் பிராடியின் பெயரை அது தாங்கியிருந்தது. அச்சாலையில் பின்னாளில் கார்கள் பெருகியபோதும், முன்னே செல்பவர் வேகத்தைக் குறைக்கிறார் என்பதைப் பின்னே வருபவருக்கு உணர்த்தும் முதன்மையான கருவியாக ஓட்டுநரின் வலக்கையே நெடுங்காலம் இருந்தது. வலக்கையை வெளியே நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்க மேலும் கீழுமாகப் பலமுறை அசைத்தால் வேகம் குறைகிறது என்றும், முன்கையை நேர்குத்தாக உயர்த்தினால் வண்டி நிற்கப் போகிறது என்றும் பொருள். 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிகளிலும் இந்தக் கைச்சைகைகள் இடம்பெற்றிருந்தன. மழை நாளில் கண்ணாடியை ஏற்றிவிட்ட ஓட்டுநருக்கும், விளக்குக் கம்பம் அரிதான இருட்டுச் சாலைக்கும் இந்த ஏற்பாடு போதவில்லை என்பது சொல்லாமலே விளங்கும்.

அம்பாசடர், பத்மினி, சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஆகிய கார்களில் பின்பக்கம் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பிரேக் விளக்குகளே இருந்தன. இந்த விளக்குகளில் பொதுவாக வழங்கியது இரட்டை இழை பல்பு, அதாவது ஒரே கண்ணாடிக் குமிழுக்குள் இரவு விளக்குக்கு 5 வாட் இழையும் பிரேக்குக்கு 21 வாட் இழையும் கொண்ட பல்பு. கடற்காற்று எட்டும் மந்தைவெளி போன்ற இடங்களில் இவ்விளக்குகளுக்குப் பகை, அறுந்த இழையைவிட ஹோல்டரின் பித்தளையில் பிடித்த களிம்புதான். பல்பைக் கழற்றி, உப்புத்தாளால் ஹோல்டரைத் தேய்த்து, எர்த் வொயரின் முனையைச் சுரண்டி இறுக்கிவிட்டால், பல வண்டிகளில் விளக்கு புதிய பல்பு கேட்காமலே எரியத் தொடங்கிவிடும். எர்த் என்பது மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பிச் செல்லும் வழி. காரின் இரும்பு உடலே அந்த வழியாகப் பயன்படுவதால், துரு ஏறிய ஒரு ஸ்க்ரூ போதும், விளக்கு மங்குவதற்கு.

மூன்றாவதாக ஒரு விளக்கு வேண்டும் என்ற கருத்தை உருவாக்கியது அமெரிக்கா. உளவியலாளர் ஜான் வோவோட்ஸ்கி சான் பிரான்சிஸ்கோ டாக்சிகளின் பின்புறத்தில் நடுவே ஒரு கூடுதல் விளக்கைப் பொருத்தி ஆராய்ந்து, பின்னிருந்து மோதும் விபத்துகள் 60 விழுக்காடு அளவுக்குக் குறைந்தன என்று 1974-ல் எழுதினார். வாஷிங்டன் டாக்சிகளில் பல அமைப்புகளை ஒப்பிட்டு நடந்த பிந்தைய சோதனை, நடுவில் உயரமாக வைப்பதே சிறந்தது என்று காட்டியது. 1983-ல் போக்குவரத்துச் செயலர் எலிசபெத் டோல் இதைக் கட்டாயமாக்கும் முடிவை அறிவிக்க, 1985 செப்டம்பர் 1 முதல் அங்கே தயாரான பயணிகள் கார் ஒவ்வொன்றும் அவ்விளக்கோடு வெளிவந்தது. ஆனால் எல்லாக் கார்களும் அதைச் சுமந்த பிறகு வியப்பு தேய்ந்தது. அரசின் 1998-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் நிலையான பயன் 4.3 விழுக்காடு மட்டுமே. எண் சுருங்கியதால் விளக்கு வீண் என்று முடிவுகட்டுவது தவறு. மலிவான ஒரு பொருள் கோடிக்கணக்கான வண்டிகளில் தரும் 4 விழுக்காடு சிறிய ஆதாயமன்று. முன்னே ஒரு காரும் அதற்கு முன்னே இன்னொரு காரும் நெருக்கியடித்துச் செல்லும் சாலையில், இடையிலுள்ள காரின் கண்ணாடிகள் வழியாக இரண்டாவது காரின் பிரேக்கைக் காட்டிக்கொடுப்பது இந்த உயர்ந்த விளக்கு ஒன்றுதான் என்ற உண்மையை எந்தச் சராசரியும் முழுதாகச் சொல்லிவிடாது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு, காரை அழகுபடுத்தும் தொழில் சென்னையில் தழைத்தது. அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலை அதன் தலைமைச் சந்தையாயிற்று. சீட் கவர், சன் ஃபிலிம், ஸ்டீரியோ ஆகியவற்றோடு பின்கண்ணாடியில் ஒட்டும் சிவப்பு விளக்குப் பட்டையும் அங்கே கிடைத்தது. பிரேக்கை மிதித்ததும் சிவப்புப் புள்ளிகள் நடுவிலிருந்து இருபுறமும் ஓடும் வகைக்கு ரசிகர் இருந்தனர். ஓடி முடித்த பிறகே முழுதாக எரியும் விளக்கு, ‘நிற்கிறேன்’ என்ற ஒரே செய்தியை உடனே சொல்லும் தன் கடமையை ஆட்டத்தில் மறந்துவிடுகிறது என்றே கூற வேண்டும்.

அவ்வாறு ஒட்டப்பட்ட விளக்கு கழன்று விழுவதே மெக்கானிக்குகள் கண்ட முதல் பெரும் பழுது. சித்திரை வெயிலில் மூடிய காரின் பின்கண்ணாடி கொதிக்கும்போது இருபுறமும் பசையுள்ள டேப் இளகுகிறது. விளக்கு தன் வொயரிலேயே தொங்கி, பிறகு பின்சீட்டுக்குப் பின்னாலுள்ள தட்டில் விழுந்து கிடக்கிறது. சரியாக ஒட்டுவதற்குப் பொறுமை தேவை. பழைய பசையை பிளேடால் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, கண்ணாடி உலர்ந்த பின் புதிய டேப்பை அழுத்தி, ஓரிரவு அசைக்காமல் விட வேண்டும். கண்ணாடியின் உட்புறத்தில் பனிப்படலம் நீக்கும் மெல்லிய சூடேற்றுக் கோடுகள் இருந்தால், பிளேடு ஒரு முறை குறுக்கே போனாலும் கோடு அறுந்துவிடும். விளக்கை மீட்கப்போய்க் கண்ணாடியைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கார்க் கண்ணாடிகளில் கருப்பு ஃபிலிம் ஒட்டுவதைத் தடைசெய்தபோது, ஃபிலிமின் மேல் ஒட்டியிருந்த விளக்குகள் ஃபிலிமை உரித்ததும் கூடவே பிய்ந்து வந்தன. அடர்ந்த ஃபிலிமுக்கு உள்ளே அடங்கி அதுவரை மங்கலாகத் தெரிந்தவை அவை என்பதையும் மறக்கலாகாது.

1990-களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையிலும் மறைமலைநகரிலும் புதிய கார்த் தொழிற்சாலைகள் எழுந்த பின்னர், தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட மூன்றாவது விளக்கு படிப்படியாகப் பரவ, பழுதின் தன்மையும் மாறியது. டிக்கிக் கதவு மேல்நோக்கித் திறக்கும் ஹேட்ச்பேக் கார்களில், காரின் கூரையிலிருந்து கதவுக்குப் போகும் வொயர்கள் ஒரு ரப்பர் குழாய்க்குள் ஓடுகின்றன. கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அக்குழாய் வளைவதால், ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளிருக்கும் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. மேலுறை முழுமையாகத் தெரிவதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் புலப்படாது. தேர்ந்த எலக்ட்ரீஷியன் விளக்கைத் தொடுவதற்கு முன் மற்ற இரு விளக்குகளைப் பார்க்கிறார். மூன்றுமே எரியாவிட்டால் குற்றம் ஃபியூஸிலோ பிரேக் பெடலுக்கு மேலுள்ள சுவிட்சிலோ இருக்கும். கீழிரண்டும் எரிந்து மேலது மட்டும் எரியாவிட்டால், அதற்குப் பிரியும் கிளையில்தான் தேட வேண்டும். ஒருவர் பெடலை மிதித்திருக்க, இன்னொருவர் டிக்கியைப் பாதி திறந்து மெல்ல அசைக்கும்போது விளக்கு மினுக்கினால், ரப்பர் குழாய்க்குள் வொயர் அறுந்திருப்பது உறுதி. முறுக்கி டேப் சுற்றுவது சில மாதமே தாங்கும். வளையும் இடத்துக்கு இருபுறமும் தள்ளி வெட்டி, புதிய நெகிழ்வான வொயரை ஈயம் வைத்துப் பற்றவைப்பதே நிலைக்கும்.

ஆயினும் பட்டறைக்கு இந்தப் பழுதோடு மட்டும் வருவோர் மிகக் குறைவு. ஓட்டுநர் தன் பிரேக் விளக்கைத் தானே பார்ப்பதில்லை. பின்னால் வந்த மாநகரப் பேருந்தின் ஓட்டுநரோ அடுக்ககத்தின் காவலாளியோ சொன்னால்தான் தெரியும். மந்தைவெளி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் டி.என். 06 எண் தாங்கிய வாடகை வண்டிகளின் நிலை வேறு. அவை குறித்த காலத்தில் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்காக, மக்கள் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றே அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் முன் நிற்க வேண்டியிருப்பதால், அதற்கு முந்தைய நாட்களில் எல்லா விளக்குகளும் கவனம் பெறுகின்றன. சொந்தக் காருக்கோ பதிவைப் புதுப்பிக்கும் 15-ஆம் ஆண்டு வரை அத்தகைய சோதனை இல்லை.

இப்போதைய விளக்குகள் பெரும்பாலும் எல்.இ.டி. வகையின. இழை பல்பு முழு வெளிச்சம் பெற ஏறத்தாழ 0.2 நொடி எடுக்க, எல்.இ.டி. கணத்தில் எரிந்துவிடுகிறது, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இடைவெளி 3 மீட்டருக்கும் அதிகமான தூரம். ஆனால் வரிசையாகக் கோத்த எல்.இ.டி.களில் ஒன்றின் இணைப்பு அறுந்தால் அந்த வரிசை முழுதும் அணையும், உறையோ பிரிக்க முடியாதபடி ஒட்டி மூடப்பட்டது. பத்து ரூபாய்ப் பொருள் கெட்டதற்கு முழு விளக்கையும் மாற்றச் சொல்கிறது நிறுவனக் கணக்கு. அந்த விலையைக் கேட்டு மலைப்பவர்களை மந்தைவெளி மெக்கானிக் புதுப்பேட்டைக்கு அனுப்புகிறார். அங்கே முன்புறம் நொறுங்கி உடைப்புக்கு வந்த கார்களின் பின்பகுதியிலிருந்து கழற்றிய விளக்குகள் கப்ளரோடு கிடைக்கின்றன, வாங்குமுன் ஒரு பாட்டரியில் தொட்டு எரித்துக் காட்டியும் தருகிறார்கள்.